ஆடுகளமும் அவையும் அயலும்: ரொறன்ரோ நகரரங்கு பற்றிய ஒரு திறனாய்வு

ஒரு கட்டடத்தைத் திறனாய்தல் ஒரு காப்பியத்தைத் திறனாய்தலினும் அரிய செயலாகும். காப்பியத்தை விரும்பாதவன் அதனை மூடி வைத்துவிடலாம். கட்டடத்தை விரும்பாதவனோ நாடோறும் அதன் நிழலிலே நடந்தாதல் வேண்டும். வீடு, கோயில், கல்லூரி, நீதிமன்றம் என்னும் இவற்றை மதிப்பிடுதற்குரிய அளவுகோல்கள் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. ஆயின், பெருநகரொன்றின் நடுவே ஒரு தொழின்முறை விளையாட்டுக் குழுவின்பொருட்டு எழுப்பப்பெற்று, அவ்விளையாட்டு நிகழாத நாள்களில் இசைநிகழ்ச்சி, பொதுக்கூட்டம், பிற ஆட்டங்கள் ஆகிய பலவற்றுக்கும் இடந்தருகின்ற பலநோக்கு உள்ளக அரங்கு என்பது மிகப் புதியதொரு கட்டட வகை. அதனை அளத்தற்குரிய கோல் யாது? ஆடுவோர் வெற்றியா, வந்தோர் தொகையா, ஈட்டிய பொருளா? அன்றி வேறொன்றா? இவ்வினாவுக்கு விடை காணாது, அத்தகைய அரங்கைப் போற்றுதலும் தூற்றுதலும் ஒருங்கே பயனற்றவையாம்.

இவ்வகைக் கட்டடங்கள் வட அமெரிக்கப் பெருநகர்களிலேயே மிகுதியாக எழுந்துள்ளன. அவற்றுள் ஈழத்தமிழர் வாழ்வோடு அணுக்கமான தொடர்புடையது கனடா நாட்டின் ரொறன்ரோ நகரரங்கு எனலாம். 1999 பெப்ரவரி 19ஆம் நாள் ‘எயர் கனடா சென்ரர்’ என்னும் பெயரோடு திறக்கப்பெற்று, 2018 யூலை 1ஆம் நாள் முதல் ‘ஸ்கோஷியாபாங்க் அரீனா’ என வழங்கிவரும் அவ்வரங்கு, ‘ரொறன்ரோ றப்ரர்ஸ்’ என்னும் கூடைப்பந்தாட்டக் குழுவின் இருப்பிடமாகவே முதலிற் றிட்டமிடப்பட்டது. யாழ்ப்பாணம், வன்னி, மன்னார் ஆகிய பகுதிகளினின்றும் 1980களின் பின்னர்ப் புலம்பெயர்ந்து சென்றோரின் பிள்ளைகள் அந்நகரிலும் அதன் கீழ்ப்பாலமைந்த ஸ்காபறோவிலும் வளர்ந்து, அக்குழுவைத் தம் குழுவென்றே கொண்டாடுகின்றனர். முருங்கனிற் கட்டுக்கரைக்குளத்து நீரால் விளைந்த வயல்களுக்கிடையே வாழும் பாட்டனும், ரொறன்ரோவில் வாழும் பெயரனும் தொலைபேசியிற் பேசிக்கொள்ளும்போது இடையே வந்துவிழும் சொற்களுள் அக்குழுவின் பெயரும் ஒன்றாகிவிட்ட காலம் இது. ஆதலின், அவ்வரங்கைத் தமிழ்க் கண்கொண்டு நோக்குதல் பொருந்தா முயற்சியன்று.

தமிழில் ‘அரங்கு’ என்னும் சொல்லின் வரலாறே இம்முயற்சிக்கு வழிகாட்டுகின்றது. திருக்குறளின் 401ஆம் குறளில் அச்சொல் வட்டாடுதற்கு வகுத்த கட்டத்தைக் குறித்து நிற்கின்றது. நிரம்பிய நூலறிவின்றி அவையிற் பேசுதல், கட்டம் வகுக்காது வட்டாடியதனோடு ஒக்கும் என்பது வள்ளுவர் கருத்து. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலோ அதே சொல், மாதவி ஆடிய நாடகமேடையைக் குறிக்கின்றது. விளையாட்டுக்குரிய களமும் கூத்துக்குரிய மேடையும் ஒரே சொல்லாற் குறிக்கப்பட்டமை தற்செயலன்று. விளையாட்டாயினும் கூத்தாயினும், எல்லை வகுத்த ஓரிடத்தில், பலர் காண, விதிக்குட்பட்டு நிகழ்வதே அரங்க நிகழ்ச்சியாகும். மன்னார் மாவட்டத்து நாட்டுக்கூத்து மரபும் இவ்வுண்மையை உணர்த்துவது. முருங்கன் முத்தமிழ்க் கலாமன்றம் போன்ற அமைப்புகளாற் பேணப்பட்டுவந்த அக்கூத்தின் களரி, ஆட்டத்திற்கென எழுந்து, ஆட்டம் முடிந்ததும் பிரிக்கப்படுவது. மறுநாள் அவ்விடம் மீண்டும் ஊர்வெளியாகும். நிலைத்து நிற்கும் அரங்கு தன் அயலுக்குச் செய்யக்கூடிய தீங்கைக் களரி செய்வதில்லை. நிலைத்து நிற்பதனாலேயே நகரரங்கின் பொறுப்புப் பன்மடங்காகின்றது.

சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், அரங்கு அமைத்தற்குரிய நிலத்தைத் தேர்தல் பற்றிக் கூறுவன இங்கே சிறப்பாக நோக்கற்பாலன. தெய்வத்தானமும் பள்ளியும் அந்தணர் இருக்கையும் கிணறும் குளமும் காவும் முதலாயின அழிவுறாதவாறு, ஊரின் நடுவிடத்தில், தேரோடும் வீதிக்கு எதிர்முகமாக அரங்கு அமைதல் வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். இதனுள் மூன்று விதிகள் அடங்கியுள்ளன: நடுவிடத்தில் அமைக; வீதியை நோக்கி அமைக; பிறர்க்குரியதை அழியாது அமைக. இக்கால நகரமைப்பு நூலார் பல்லாண்டு வாதிட்டுச் சென்றடைந்த முடிபும் ஏறத்தாழ இதுவே. ஆதலின், ஆடுகளம், அவை, அயல் என்னும் மூன்று தலைப்புகளின்கீழ் ரொறன்ரோ அரங்கை ஆராய்தல் தகும். ஆடுகளம் ஆடுவோர்க்கு உரியது. அவை காண்போர்க்கு உரியது. அயலோ காணாதோர்க்கும் உரியது.

கூடைப்பந்தாட்டம் கூரையின்கீழ்ப் பிறந்த ஆட்டம். 1891 டிசெம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், கிறித்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக்கல்லூரி ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் வெளியே ஆடவியலாத மாணவர்க்கென அதனை வகுத்தார். 13 விதிகளும் பழக்கூடைகள் இரண்டுமே அதன் தொடக்க முதல். கூடை கட்டப்பட்ட 10 அடி உயரம் இன்றுவரை மாறவில்லை. 1920இல் ஹரி குறோ பக் என்பார் சென்னையில் நிறுவிய கிறித்தவ வாலிபர் சங்க உடற்கல்விக் கல்லூரி, இவ்வாட்டம் தென்னாசியப் பள்ளிகளிற் பரவுதற்குப் பெருந்துணையாயிற்று. ஆயின் இங்கு வந்த ஆட்டம் கூரையை இழந்து சீமெந்துத் தரைக்கு வந்தது. வெயிலும் வாடைக்காற்றும் மழையும் அதன் புதிய எல்லைகளாயின. அமெரிக்காவில் அதே ஆட்டம் எதிர்த்திசையிற் சென்றது. கூரை மேன்மேலும் உயர்ந்தது. சுற்றியிருந்தோர் தொகை பதினாயிரம், இருபதினாயிரம் எனப் பெருகிற்று.

ரொறன்ரோவுக்கும் இவ்வாட்டத்துக்கும் உள்ள தொடர்பு பழமையானது. இன்றைய தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம் தன் முதல் ஆட்டமாகக் கணக்கிடுவது 1946 நவம்பர் 1ஆம் நாள் அந்நகரின் மேப்பிள் லீவ் கார்டன்ஸ் அரங்கில் நிகழ்ந்ததையே. அன்று நியூயோர்க் குழு 68–66 என்னும் புள்ளிக்கணக்கில் ரொறன்ரோ ஹஸ்கீஸ் குழுவை வென்றது. ஹஸ்கீஸ் ஓராண்டில் மறைந்தது. அதன்பின் 1995இலேயே றப்ரர்ஸ் குழு தோன்றியது. தொடக்கத்தில் அக்குழு ஆடிய ‘ஸ்கைடோம்’, அடிபந்தாட்டத்துக்கென அமைந்த மாபெருங் கட்டடம். பரந்த வயலின் ஒரு மூலையிற் பாய் விரித்தாற்போல, கூடைப்பந்தாட்டக் களம் அதனுட் சிறுத்துக் கிடந்தது. தனியரங்கின் தேவை அங்ஙனம் பிறந்தது. 1997இல் வேலை தொடங்கிற்று. 1998இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. பனிக்கட்டி ஹொக்கியாடும் மேப்பிள் லீவ்ஸ் குழுவின் உடைமையாளர், றப்ரர்ஸ் குழுவையும் எழுந்துகொண்டிருந்த அரங்கையும் ஒருங்கே வாங்கினர். கூடைப்பந்தாட்டத்துக்கென வரையப்பட்ட திட்டம், கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும்போதே ஹொக்கிக்கும் இயையத் திருத்தப்பட்டது. கனடாவில் ஹொக்கி வெறும் விளையாட்டன்று. அந்நாட்டார் தம்மைத் தாமே இன்னாரென்று சொல்லிக்கொள்ளும் மொழிகளுள் ஒன்று. அரங்கின் முதலாட்டம் 1999 பெப்ரவரி 20ஆம் நாள் நிகழ்ந்தது, அது ஹொக்கியாட்டமே. அரங்கு தோன்றக் காரணமாயிருந்த குழுவோ மறுநாள் வரை காத்திருந்தது.

இவ்விரு ஆட்டங்களின் இணைப்பு ஆடுகளத்தின் அளவிலேயே சிக்கலைத் தோற்றுவிக்கின்றது. தொழின்முறைக் கூடைப்பந்தாட்டக் களம் 94 அடி நீளமும் 50 அடி அகலமும் உடையது. பரப்பு 4,700 சதுர அடி. வட அமெரிக்க ஹொக்கிக் களமோ 200 அடிக்கு 85 அடி; பரப்பு ஏறத்தாழ 17,000 சதுர அடி. ஒன்று மற்றொன்றின் காற்பங்கினும் சிறிதே மிகும். பெரிய களத்தைச் சூழ இருக்கைகளை அமைப்பின், சிறிய களத்தில் ஆட்டம் நிகழும்போது காண்போர் விலகிப்போவர். சிறியதைச் சூழ அமைப்பின் பெரியது உள்ளே அடங்காது. இதற்குக் கண்ட தீர்வு, இழுத்து நீட்டவும் மடித்துத் தள்ளவும் கூடிய இருக்கை வரிசைகளாம். பனிக்கட்டித் தளத்தின்மேல் வெப்பங்காக்கும் பலகை பரப்பி, அதன்மேல் மரத்தளத்தைத் துண்டு துண்டாகக் கோத்து, சில மணி நேரத்தில் ஹொக்கிக் களத்தைக் கூடைப்பந்தாட்டக் களமாக மாற்றுகின்றனர். அவ்வேலையைச் செய்வோர் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வருவதில்லை. எனினும் பலநோக்கு என்னும் அடைமொழி அவர்தம் தோள்வலியாலேயே உண்மையாகின்றது. இரவோடிரவாகக் களரி கட்டும் மன்னார்க் கூத்துக்காரர் அவ்வேலையின் அருமையை நன்கறிவர்.

சிலப்பதிகாரம் கூறும் அரங்கு, 24 விரல் கொண்ட கோலால் 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையது. தூண்களின் நிழல் ஆடுமிடத்திலும் காண்போர் இருக்கும் இடத்திலும் விழாதவாறு விளக்கு வைக்கப்பட்டது எனவும் அறிகின்றோர் அந்நுட்பத்தை வியப்பர். ஆடுவார்க்கும் காண்பார்க்குமிடையே எதுவும் குறுக்கிடலாகாது என்பதே அவ்விதியின் உட்பொருள். இக்கால அரங்கு தூணையே நீக்கிவிட்டது. உருக்குச் சட்டங்களாலாய கூரை, நடுவே ஒரு தூணுமின்றி அகன்ற வெளியை மூடி நிற்கின்றது. அடியார்க்குநல்லார் காலத்துக் கம்மியர் கனவிலுங் காணாத வெற்றி இது. ஆயின், தூணை நீக்கிய அதே கூரையின் நடுவிலிருந்து மாபெருந் திரைகள் தொங்கவிடப்பட்டுள்ளன. உயரத்தில் இருப்போர் கண்கள் களத்தை விட்டுத் திரைக்கே செல்கின்றன. ஆடுபவன் உடல் ஓரிடத்திலும் அவன் உருவம் பிறிதோரிடத்திலுமாக அவையின் பார்வை பிளவுபடுகின்றது. தூணின் நிழல் ஒழிந்தது. திரையின் ஒளி அதன் இடத்தைக் கவர்ந்துகொண்டது. இஃது ரொறன்ரோவுக்கு மட்டும் உரிய குறையன்று, ஆயினும் குறையே.

இனி, அவையை நோக்குதல் முறை. கூடைப்பந்தாட்டத்தின்போது ஏறத்தாழ 19,800 பேரும் ஹொக்கியின்போது ஏறத்தாழ 18,800 பேரும் இவ்வரங்கில் அமரலாம். கீழடுக்குக்கும் மேலடுக்குக்கும் இடையே, செல்வர்க்கும் நிறுவனங்களுக்கும் உரிய தனியறைகள் வளையமாகச் சூழ்ந்துள்ளன. 1988இல் திறக்கப்பெற்ற டெற்றோயிற் புறநகர் அரங்கிற்குப் பின்னர், இத்தகைய அறைகளின் வாடகையே அரங்குகளின் பொருளாதார அடித்தளமாயிற்று. அறைகள் இடைநடுவே இடம்பிடிக்க, மேலடுக்கு மேலும் மேலும் உயர்த்தப்படுகின்றது. பொருள் குறைந்தோர் களத்தினின்றும் தொலைவுக்குத் தள்ளப்படுதல் இங்கே உவமையன்று. அடியாலும் அங்குலத்தாலும் அளக்கத்தக்க கட்டடவியல் உண்மை.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். பழந்தமிழ் அவையிலும் அரசனுக்கு முதலிடம் இருந்ததன்றோ? கோயில் வீதியிலும் கூத்துக் களரியிலும் ஊர்ப்பெரியார்க்கு முன்வரிசை ஒதுக்கப்பட்டதன்றோ? சாதியின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்டோரும் இருந்தனரன்றோ? இத்தடை நேரியது, மறைத்தற்குரியதன்று. பழைய அவை சமனுடைய அவையாயிருந்தது எனக் கூறுதல் வரலாற்றுக்கு முரணாகும். எனினும், பழைய ஏற்றத்தாழ்வைச் சுட்டிப் புதியதனை நியாயப்படுத்தல் இயலாது. அறிவொடு கட்டப்பட்ட புதிய கட்டடம் பழைய குறையைக் களைந்திருத்தல் வேண்டும். வேறொரு வடிவில் மீளக் கட்டியிருத்தலாகாது. பிறப்பால் வகுத்த வரிசையை விலையால் வகுத்தமை மாற்றமாகலாம், வளர்ச்சியாகாது. தொழிலாளரும் மாணவரும் நிறைந்த ஸ்காபறோவின் குடும்பமொன்று, தன் பிள்ளைகள் நாடோறும் பேசும் ஆட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நேரிற் காணல் அரிதாயிருப்பின், அவ்வரங்கின் அவை முழுமையுற்றதெனக் கூறல் எங்ஙனம்?

அவையின் இயல்பை அரங்கின் பெயரும் காட்டிக்கொடுக்கின்றது. முதலில் விமான நிறுவனமொன்றின் பெயரைத் தாங்கிய கட்டடம், 2018இல் வங்கியொன்றின் பெயரைத் தாங்கிற்று. 20 ஆண்டுக்குரிய அவ்வொப்பந்தத்தின் பெறுமதி ஏறத்தாழ 800 மில்லியன் கனேடிய டொலர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. கட்டட வேலைக்குச் செலவான தொகையினும் பெயருக்குக் கிடைத்த தொகை பன்மடங்கு மிகுதி. தமிழர் நிலத்தில் ஊரும் குளமும் மண்டபமும் பெயர் பெற்ற வரலாறு வேறு. மரத்தாலோ மண்ணாலோ, கட்டியவன் பெயராலோ, காத்தவன் பெயராலோ அவை வழங்கும். அப்பெயர் தலைமுறைகளைத் தாண்டும். தவணை முடிய மாறும் பெயர் நினைவைத் தாங்காது. 1999இல் தந்தையுடன் அங்குச் சென்ற சிறுவன், இன்று தன் மகனை அழைத்துச் செல்லுங்கால், தான் சென்ற இடத்தின் பெயரை விளக்கிக் கூறவேண்டியவனாகின்றான்.

மூன்றாவதாகிய அயலை நோக்குமிடத்து, ரொறன்ரோ அரங்கின் குணமும் குற்றமும் ஒருங்கே புலனாகும். பே வீதியின் தென்கோடியில், அவ்வரங்கு நிற்கும் இடத்தில், முன்னர் மைய அஞ்சல் விநியோகக் கட்டடம் நின்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் முற்றுப்பெற்ற அக்கட்டடத்தின் வெளிச்சுவரிற் போக்குவரத்தினதும் செய்தித்தொடர்பினதும் வரலாற்றைக் கூறும் புடைப்புச் சிற்பங்கள் அமைந்திருந்தன. அரங்கு கட்டியோர் உட்பகுதியை இடித்து, கிழக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் பேணி, அவற்றுக்குப் பின்னால் புதியதனை எழுப்பினர். இதனைச் சிலர் பழமைபேணல் என்பர்; வேறு சிலர், தோலை வைத்துக்கொண்டு உயிரைப் போக்கிய செயல் என்பர். இரண்டிலும் உண்மை உண்டு. நியூயோர்க்கில் நிகழ்ந்ததனோடு ஒப்பிடின் ரொறன்ரோவின் செயல் பெருந்தன்மை உடையது. அங்கே 1963 ஒக்ரோபரில் தொடங்கிப் பென்சில்வேனியா புகையிரத நிலையத்தின் அரிய மேற்கட்டடம் இடிக்கப்பட்டது. 1968இல் அதன்மேல் மடிசன் ஸ்குவயர் கார்டன் அரங்கு எழுந்தது. பயணிகளோ இன்றுவரை நிலத்தின்கீழ் இருளில் நடக்கின்றனர். அவ்விழப்பின் துயரே 1965இல் அந்நகர் தொன்மைச்சின்னப் பாதுகாப்புச் சட்டம் இயற்றக் காரணமாயிற்று. பிறர்க்குரியதை அழியாது அமைக என்னும் உரையாசிரியர் விதியை நியூயோர்க் மீறிற்று. ரொறன்ரோ பாதி காத்தது.

நடுவிடம் என்னும் விதியைப் பொறுத்தவரை ரொறன்ரோ அரங்கு முழுவெற்றி பெற்றதெனலாம். அது யூனியன் புகையிரத நிலையத்தை அடுத்து, நிலக்கீழ் நடைபாதைகளால் அதனுடன் இணைந்து நிற்கின்றது. இதன் பெருமையை உணர்தற்குக் கட்டுக்கரைக்குளத்தை நினைத்தல் போதும். அருவியாற்று நீர் தேக்கத்தினின்றும் வாய்க்கால்வழி வந்து குளத்திற் சேர்கின்றது. நீரைத் தேக்குதல் மட்டும் குளத்தின் திறமையன்று. துருசு வழியாக அளவொடு விடுத்தலும், மிகையானதைக் கலிங்கு வழியாகக் கேடின்றிப் போக்குதலும் வல்ல குளமே நற்குளம். அரங்கும் அத்தகையதே. திருக்குறளின் 332ஆம் குறள், பெருஞ்செல்வம் வருதலையும் போதலையும் கூத்தாட்டவையிற் குழாம் கூடுதற்கும் கலைதற்கும் ஒப்பிடுகின்றது. கூடும் குழாம் ஒருவர் பின் ஒருவராக வரும். கலையும் குழாமோ ஒருங்கே எழும். ஏறத்தாழ இருபதினாயிரவர் ஒரே நேரத்தில் எழுந்து புறப்படும் அக்கணமே அரங்கின் தேர்வுவேளை. புறநகர் அரங்குகள் அத்தேர்வில் ஊர்திக்கடலாலும் நெரிசலாலும் தோற்றன. டெற்றோயிற் புறநகர் அரங்கு 32 ஆண்டுகளே நின்று 2020இல் இடித்து வீழ்த்தப்பட்டது. அதன் குழு 2017இலேயே நகர் நடுவுக்குத் திரும்பிவிட்டது. ரொறன்ரோவில் இரவு ஆட்டம் முடிந்தோர் புகையிரதமேறி வீடு சேர்கின்றனர்.

ஆயின் நடுவிடம் என்னும் விதி, அழியாமை என்னும் விதியோடு முரணுங்கால் எதனைக் கைக்கொள்வது? பிலடெல்பியா நகர வரலாறு இதற்கு விடை தருவது. 2022இல் அந்நகரின் தொழின்முறைக் கூடைப்பந்தாட்டக் குழு, ஏறத்தாழ 1.3 பில்லியன் டொலர்ச் செலவில் நகர் நடுவே அரங்கொன்று எழுப்பும் திட்டத்தை வெளியிட்டது. தேர்ந்த இடம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே சீனக் குடியேறிகள் வாழ்ந்துவரும் பகுதியின் விளிம்பு. வாடகை உயர்வும் ஊர்திப் பெருக்கும் தம் கடைகளையும் இல்லங்களையும் கரைத்துவிடும் என அப்பகுதியார் இடைவிடாது எதிர்த்தனர். 2024 டிசெம்பரில் நகரசபை ஒப்புதல் அளித்தது. 2025 ஜனவரியிற் குழுவினர் தாமே திட்டத்தைக் கைவிட்டுப் பழைய இடத்தை அடுத்தே புதிய அரங்கு காண முடிவுசெய்தனர். குடியேறிய சமூகம் தன் தெருவை எவ்வளவு அருமையாகப் போற்றும் என்பதை, ஊர் பெயர்ந்த ஈழத்தமிழர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பெருங்கட்டடங்கள் வறிய பகுதியை வளமாக்கும் என்னும் வாதமும் உறுதியற்றது. 1997இல் ரொஜர் நோல், அன்ட்ரூ சிம்பாலிஸ்ட் என்னும் பொருளியலறிஞர் இருவர் தொகுத்த ஆய்வுநூல், விளையாட்டரங்குகளால் நகர்கள் பெறும் பொருளாதார வளர்ச்சி மிகச் சிறிதென நிறுவிற்று. இருந்தும் சக்ரமென்ரோ நகர் 2016இல் திறந்த அரங்கிற்கு ஏறத்தாழ 255 மில்லியன் டொலரை வழங்கிற்று. ரொறன்ரோ அரங்கு தனியார் முதலால் எழுந்தமை அதன் சிறப்புகளுள் ஒன்றெனக் கொள்ளத்தகும்.

தனியார் முதலால் எழுந்தமையினாலேயே அது பொதுவிடம் ஆகாதுபோயிற்று என்னும் உண்மையும் உண்டு. 2009 ஜனவரி 30ஆம் நாள், வன்னிப் போரின் அவலத்தை உலகுக்கு உணர்த்தப் பல்லாயிரந் தமிழர் ரொறன்ரோ நடுநகரிற் கைகோத்து நின்றனர். அச்சங்கிலி யூனியன் நிலையத்தின் முன்னும் சென்றது. அவ்வாண்டு மே 10ஆம் நாள் கார்டினர் உயர்நெடுஞ்சாலையில் ஏறி அதனை மறித்தனர். அச்சாலை அரங்கின் தென்புறமாகச் செல்வது. பல்லாயிரவர் கூடற்கென்றே அமைந்த மண்டபம் அணித்தே இருப்ப, துயருற்றோர் கூடிய இடம் நடைபாதையும் நெடுஞ்சாலையும். இதனை அரங்கின்மேற் குற்றமாகச் சாற்றுதல் நீதியன்று. எதிர்ப்புக்குரிய இடம் என்றும் தெருவே. எனினும், நகரின் நடுவிடத்தைப் பிடித்துநிற்கும் கட்டடம் நகரின் மனச்சான்றினின்றும் எத்துணைத் தொலைவில் நிற்கின்றது என்பதை அக்காட்சி காட்டிற்று.

அரங்கின் வரலாற்றில் மிகச்சிறந்த பொழுதுகள் யாவை என வினவின், விடை வியப்பளிக்கும். 2019 யூன் 13ஆம் நாள் றப்ரர்ஸ் குழு முதன்முறையாகச் சங்க வாகைசூடிற்று. அவ்வாட்டம் நிகழ்ந்த இடம் ரொறன்ரோ அன்று. கலிபோர்னியாவின் ஒக்லண்ட் நகர். அவ்விரவில் ரொறன்ரோ மக்கள் திரண்ட இடம், அரங்கின் மேற்குப்புறத்துச் சதுக்கம். அனுமதிச்சீட்டில்லாதோர் அங்கே நின்று, வெளிச்சுவரிலுள்ள திரையிற் கண்டு ஆர்ப்பரித்தனர். பல இனத்தாரும் பல மொழியாரும் தோளோடு தோள் உரச நின்ற அவ்வெளியே, அக்கட்டடத்தின் உண்மையான அவை எனலாம். வீதியை நோக்கி அமைக என்னும் விதி அன்று நிறைவெய்திற்று. அடுத்த ஆண்டு கொள்ளைநோய் உலகைச் சூழ்ந்தபோது, ஆட்டம் ஒழிந்த அரங்கின் அடுக்களைகளில் நாளொன்றுக்குப் பதினாயிரம் உணவு வரை சமைக்கப்பட்டு மருத்துவப் பணியாளர்க்கும் வறியோர்க்கும் அனுப்பப்பட்டது. 2021 யூன் 27ஆம் நாள் அவ்வரங்கு தடுப்பூசி நிலையமாக மாறிற்று. ஒரே நாளில் 26,771 பேருக்கு ஊசி ஏற்றப்பட்டது. அன்று மேலடுக்கும் கீழடுக்கும் இல்லை, தனியறையும் இல்லை, விலையும் இல்லை. பலநோக்கு என்னும் சொல் விளம்பரத்தினின்றும் நீங்கி அறத்தைச் சார்ந்த நாள் அது.

தமிழகத்தில் இவ்வகைக்கு அணித்தாயது சென்னைப் பெரியமேட்டு நேரு உள்விளையாட்டரங்கு. அதுவும் மையப் புகையிரத நிலையத்துக்கு அண்மையில் நிற்பது; 2009இல் ஆசிய மகளிர் கூடைப்பந்தாட்டப் போட்டியும் 2022இற் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவும் அங்கு நிகழ்ந்தன. அஃது அரசின் உடைமை. தனக்கெனத் தொழின்முறைக் குழு ஒன்றை முன்னிட்டு எழுந்ததன்று. ரொறன்ரோவில் ஒரு குழு அரங்கை ஈன்றது; சென்னையில் அரசு ஈன்றது. முன்னதில் ஆண்டு முழுவதும் ஆட்டம் உண்டு, ஆயின் வாயிலில் விலை உண்டு. பின்னதில் வாயிலை எளிதாக்கும் உரிமை அரசிடம் உண்டு, ஆயின் நாள்தோறும் அதனை நிரப்பும் ஆட்டம் வேண்டும். இரண்டன் நன்மையும் ஒருங்குசேர்ந்த அரங்கே நாடத்தக்கது.

இலங்கையின் வடபால் நகர்களிலும் உள்ளக அரங்குகள் வேண்டுமென்னும் விருப்பம் இளைஞரிடையே வளர்ந்துள்ளது. வெயிலும் மழையும் வருத்தும் மன்னார் நிலத்திற் கூரையின்கீழ் ஆடும் வாய்ப்பு ஆடம்பரமன்று. பெண்பிள்ளைகள் மாலைவேளையில் அச்சமின்றிப் பயிலுதற்கு இன்றியமையாத ஏந்து. ஆயின் அளவிற் பெரிதாதலே சிறப்பென்று எண்ணுதல் கூடாது. ரொறன்ரோவினின்றும் கற்கத்தக்கவை நான்கு: புகையிரத, பேருந்து நிலையங்களை அடுத்து அமைதல், பழைய சுவரை மதித்தல், இயலுமேல் அதன் உயிரையும் காத்தல், ஆடுகளத்தை ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களுக்கும் கூத்துக்கும் ஏற்ப முதலிலேயே அளந்து அமைத்தல், வாயிலுக்கு வெளியே அகன்றதோர் பொதுவெளியை விடுத்தல். தவிர்க்கத்தக்கவை இரண்டு: விலையால் அவையைப் பிளத்தல், பெயரை விற்றல்.

ஆடுகளத்தில் ரொறன்ரோ அரங்கு திறமையுடையது. ஆயினும் தன்னை ஈன்ற ஆட்டத்துக்கு முழுமையாக உரியதன்று. அவையில் அது குறையுடையது. அயலிற் பெரும்பாலும் வென்றது. தன் கதவுகளை விலையின்றித் திறந்த நாள்களில் முழுமையாகவே வென்றது. அரங்கின் தகுதியை அளக்கும் கோல் இதனாற் புலனாகின்றது. உள்ளே ஆடியோர் பெற்ற புள்ளிகளாலும் இருந்தோர் தந்த பொருளாலும் அன்று. என்றும் உள்ளே புகாதோர்க்கும் அவ்வரங்கு என் செய்தது என்பதனாலேயே அதன் பெருமை அளக்கப்படும். குளத்தின் பெருமையைக் கட்டின் உயரத்தால் முருங்கன் உழவர் அளப்பதில்லை. கடைவயலுக்கு நீர் சென்றதா என்பதனாலேயே அளப்பர்.